ஓட்டாமல் வைத்தால் கெடும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம். பழைய டூ ஸ்ட்ரோக் ஆஃப் ரோடு பைக்குகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சேற்றிலும் கல்லிலும் இறக்கி ஓட்டும். இன்னொரு கட்சி துடைத்து, பாலிஷ் போட்டு, துணி போர்த்தி மூலையில் நிறுத்திவிடும். வண்டியைச் சீக்கிரம் கெடுப்பது இந்த இரண்டாவது கட்சிதான் என்று நான் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் தன் வேலையை முடித்துவிடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் தலையில் வால்வு கிடையாது. அடியில் தேங்கி நிற்கும் ஆயிலும் கிடையாது, ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளை அதுவே திறந்து மூடுகிறது. பிஸ்டனுக்குக் கீழே கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, சுற்றும் அறைதான், கார்புரேட்டரிலிருந்து காற்றையும் பெட்ரோலையும் இழுத்து மேலே தள்ளும் பம்ப். அந்த அறையில் ஊசிமுனை அளவு காற்று கசிந்தாலும் கணக்கு தப்பிவிடும். அதைக் காப்பவை கிராங்கின் இரண்டு முனைகளிலும் இருக்கும் ரப்பர் சீல்கள். வண்டி ஓடுகிறவரை பெட்ரோலோடு வரும் ஆயில் சீலின் உதட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ரப்பர் காய்ந்து விறைத்துப்போகும்.

அப்புறம் ஒருநாள் ஆசையாக உதைத்து ஸ்டார்ட் செய்வோம். மேக்னட் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பகுதி) பக்கத்து சீல் போயிருந்தால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். காற்று கூடி பெட்ரோல் குறைந்த கலவை அதிகச் சூட்டில் எரியும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இது முன்கூட்டியே குரல் கொடுக்கும்: ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் அப்படியே தொங்கும். அதைக் கேட்டதும் ஆஃப் செய்துவிடுங்கள். கிளட்ச் பக்கத்து சீல் என்றால் கதை வேறு. கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும், சூடேறின பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, கியர் பாக்ஸில் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வரும்.

ஆயில் கலப்பதில் ஒரு பிடிவாதமான நம்பிக்கை இருக்கிறது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றுக்கு 20-க்கு 1, அதாவது லிட்டருக்கு 50 மில்லி என்று எழுதியிருக்கும். ‘இன்னும் ஒரு மூடி சேர்த்து ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லதுதானே’ என்பார்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துவாரம் மாறுவதில்லை. அதன் வழியாக ஆயில் கூடுதலாகப் போனால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் போகும். இன்ஜினைக் காப்பாற்றப்போய் கலவையை வறட்சியாக்குகிறோம். அளவை மாற்றினால் ஜெட்டையும் பார்க்க வேண்டும், பிளக்கைக் கழற்றி நிறத்தையும் பார்க்க வேண்டும். இளம் பழுப்பு என்றால் நிம்மதி. வெளுத்திருந்தால் வண்டியை அப்படியே நிறுத்துங்கள்.

இந்த வண்டிகளின் குரலுக்கும் குணத்துக்கும் காரணம், நடுவில் வயிறு பெருத்த அந்தப் புகைக்குழல், எக்ஸ்பான்ஷன் சேம்பர். வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை, குழலின் மறுமுனையில் மோதித் திரும்பும் அழுத்த அலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் இந்த வித்தையைக் கணக்கோடு வளர்த்தெடுத்தார். அவருடைய வண்டியைப் பந்தயத்தில் ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்குக்குத் தப்பி, அந்த வித்தையோடு ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. உளவுக் கதை எழுதுகிறவர்கள் இதை எப்படி விட்டுவைத்தார்களோ! சேற்றுப் பந்தயத்திலும் அதே காற்றுதான். 1966-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். நிறுவனத்து டூ ஸ்ட்ரோக்கில் பால் ஃப்ரீட்ரிக்ஸ் 500 சிசி மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றார். அதுவரை கனமான ஃபோர் ஸ்ட்ரோக்குகள் ஆண்ட வகுப்பு அது. 1968-இல் யமஹா டிடி-1 வந்தது. 246 சிசி, சாலையிலும் ஓடும், காட்டிலும் ஓடும். சாதாரண ஆள் வாங்கி ஓட்டலாம் என்ற நிலை வந்தது.

அந்த அலை சரியான நேரத்துக்குத் திரும்புவது குறிப்பிட்ட வேகத்தில் மட்டும். அதற்குக் கீழே வண்டி முனகும். அதைத் தொட்டதும் சத்தம் கூர்மையாகி, பின்சக்கரம் மண்ணை வாரி அடிக்கும். ஆகவே மேடு ஏறுவதற்கு முன்பே கியரைத் தேர்ந்துவிட வேண்டும், பாதி மேட்டில் யோசிக்க நேரம் இருக்காது. ஃபோர் ஸ்ட்ரோக் பழகியவர்களுக்கு இறக்கம்தான் சோதனை. இன்ஜின் பிரேக் கிட்டத்தட்ட இல்லை. தண்ணீரில் நனைந்த டிரம் பிரேக் சில நொடிகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடியே வைத்திருந்தால், பெட்ரோலோடு வரவேண்டிய ஆயிலும் நின்றுவிடும், இன்ஜினோ வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள்.

மழைக்காலம், உடல்நிலை, வேலை என்று நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், டேங்கைக் காலி செய்யுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஃபைபர் கிளாஸ் டேங்க் கொண்ட ஸ்பெயினின் பழைய புல்டாகோ போன்ற வண்டிகளில் டேங்கின் பிசினையே கரைத்து, கார்புரேட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். பிறகு கிக்கரை மெதுவாக அமுக்கி, கம்ப்ரஷன் காலில் தட்டுகிற இடத்தில் விட்டுவிடுங்கள். அங்கே பிஸ்டன் புகை வெளியேறும் துளையை மூடியிருக்கும், குழல் வழியாக வரும் ஈரக்காற்று கிராங்க்கை எட்டாது. மாதம் ஒருமுறை வந்து நாலு தடவை மெல்ல உதைத்து, மறுபடி அதே இடத்தில் நிறுத்துங்கள். நன்றி, வணக்கம்.