செயலியை நீக்கினால் பிடித்தம் நிற்காது

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

வங்கிப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகும், பாஸ்புக்கும் கையுமாக வந்து விவரம் கேட்பவர்கள் எங்கள் தெருவில் உண்டு. சென்ற ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் தம் குடும்ப ஓய்வூதியக் கணக்கின் பாஸ்புக்கை நீட்டி, "தம்பி, மாசாமாசம் 299 ரூபா எங்கே போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பக்கங்களைப் புரட்டினேன். முதலில் ஒரு ரூபாய். ஏழாம் நாள் 299 ரூபாய். பிறகு மாதந்தோறும் அதே தொகை. ஆக, ஏழு தவணைகளில் 2,093 ரூபாய் போயிருந்தது. அரையாண்டு விடுமுறைக்கு வந்த பேரன் தொடர் பார்க்க ஒரு செயலியை இறக்கியிருக்கிறான்; ஒரு ரூபாய்தானே என்று அம்மாளே ரகசிய எண்ணை அழுத்தியிருக்கிறார். பேரன் ஊருக்குப் போனதும் செயலியை நீக்கிவிட்டு, அத்தோடு கணக்கு முடிந்தது என்று இருந்துவிட்டார்.

செயலி வேறு, பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி வேறு. கைபேசி வழியே பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறையில், நாம் ஒருமுறை கொடுத்த அனுமதியின் பேரில் தவணைதோறும் பணம் தானாகவே போகும் ஆட்டோபே என்னும் வசதி 2020 ஜூலையில் வந்தது. அதில் ரகசிய எண்ணை அழுத்தும் திரையிலேயே, அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம், எந்தத் தேதிவரை எடுக்கலாம் என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்கும். நம் கண்ணோ பெரிய எழுத்தில் உள்ள ஒரு ரூபாயில்தான் நிற்கிறது. அதன்பின் 15,000 ரூபாய் வரையிலான தவணைகளுக்கு ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்கப்படுவதில்லை; 5,000 ஆக இருந்த இந்த வரம்பை ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் உயர்த்தியது.

அதே ரிசர்வ் வங்கி நமக்கு ஒரு காவலையும் வைத்திருக்கிறது. இத்தகைய பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே, இன்னாருக்கு இவ்வளவு தொகை போகப்போகிறது என்று நமக்குத் தகவல் வர வேண்டும். அப்போதே அந்தத் தவணையையோ அனுமதி முழுவதையுமோ நிறுத்த வழியும் இருக்க வேண்டும். அம்மாளின் கைபேசியில் தேடினேன். ஏழு மாதத் தகவல்களும் இருந்தன. ஆனால் அவை ஆங்கிலத்தில், கடன் விளம்பரங்களுக்கும் நகைக்கடைத் தள்ளுபடிகளுக்கும் நடுவே கிடந்தன. அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் வந்த எச்சரிக்கையை எச்சரிக்கை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இதை அவரவர் மொழியில் அனுப்புவது வங்கிகளின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

நிறுத்தும் முறை எளிது. பணம் அனுப்பப் பயன்படுத்தும் யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால், நாம் கொடுத்த அனுமதிகள் வரிசையாகத் தெரியும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்து, ரகசிய எண்ணைக் கொடுத்தால் போதும். கார்டு வழியாகக் கொடுத்த அனுமதி என்றால், கார்டு வழங்கிய வங்கியின் இணையதளத்திலோ கிளையிலோ ரத்து செய்ய வேண்டும். அடுத்த தவணைக்கு இரண்டொரு நாள் முன்னதாகவே இதைச் செய்துவிடுவது நல்லது.

சந்தாவை ரத்து செய்யும் பொத்தானை ஒளித்துவைப்பதையும், இலவசச் சந்தா என்று சொல்லித் தானியங்கிப் பிடித்தத்துக்கு அனுமதி கேட்டு வற்புறுத்துவதையும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சந்தாப் பொறி என்று பெயரிட்டே தடுக்கின்றன. எனவே, நிறுவனம் மறுமொழி தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தயங்காமல் புகார் செய்யலாம். தவறு வங்கியுடையது என்றால் முதலில் வங்கிக்கே எழுத வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

அம்மாளின் அனுமதியை அன்றே ரத்து செய்தோம். நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் பேரில், கடைசித் தவணை 299 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. ரத்து செய்து முடித்தபோது, அதே பட்டியலின் அடியில் இன்னொரு பெயரும் இருந்தது; அதை அம்மாளே அடையாளம் கண்டு, தம் விரலாலேயே ரத்து செய்தார்.