வலது செருப்பு

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு இயன்முறைச் சிகிச்சைக்குப் போனால், நான் முதலில் பார்ப்பது வாசலில் கிடக்கும் செருப்பைத்தான். ஆனையூரில் ஒரு பெரியவர். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை வியாபாரம் செய்தவர். இடது செருப்பு புதிதுபோல இருந்தது. வலது செருப்பின் முனையும் வெளி விளிம்பும் சீவியெடுத்ததுபோலத் தேய்ந்திருந்தன. அவர் நடை எப்படி இருக்கும் என்பது படியேறுமுன்பே தெரிந்துவிட்டது.

மூளையின் இடப்பக்கம் பாதித்தால் உடம்பின் வலப்பக்கம் சோர்கிறது. பாதத்தைத் தூக்கும் தசைக்குக் கட்டளை போய்ச் சேர்வதில்லை. கெண்டைக்கால் தசையோ விறைத்து இழுக்கிறது. பாதம் தொங்கி உட்புறம் திரும்பிவிடும். முழங்காலும் சரியாக மடங்காது. அந்தக் காலை இடறாமல் முன்னே கொண்டுவர, இடுப்பைத் தூக்கி, அரிவாள் வீசுவதுபோல வெளிப்பக்கமாகச் சுழற்றுகிறார்கள். "காலை நேராக வையுங்கள் அப்பா" என்று மகள் அதட்டிக்கொண்டிருந்தார். அவர் என்ன, வேண்டுமென்றா செய்கிறார்?

புறா ரத்தம் தடவியதில் ஒரு மாதம் வீணாகியிருந்தது. மூளை வேகமாக மீளுவது முதல் மூன்று மாதங்களில்தான். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு என்றாலும், அந்த ஒரு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. இப்போது மகன்கள் இருவரும் அவர் கைகளைப் பிடித்து இழுத்துத் தெருமுனைவரை நடத்திக்கொண்டிருந்தார்கள். சோர்ந்த கையை இழுத்தால் தோள்மூட்டு இறங்கி, வலி மாதக்கணக்கில் நிற்கும்.

"நடை இப்போதைக்கு வேண்டாம்" என்றேன். எல்லோர் முகமும் சுருங்கியது.

நடக்கும்போது தூக்கும் காலையே எல்லோரும் பார்க்கிறார்கள். இடது கால் முன்னே போகும் நேரத்தில் வலது கால்தான் தனியாக உடம்பைத் தாங்குகிறது. அது தாங்காவிட்டால் நடை ஏது? அதனால் நாற்காலியில் தொடங்கினோம். எழும்போது எடையெல்லாம் இடது காலில் போய் விழுந்தது. வலது பாதத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இடது பாதத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளி, உடம்பை நன்றாக முன்னே சாய்த்து எழச் சொன்னேன். வேறு வழியில்லாமல் வலது கால் வேலை செய்தது. அடுத்து, சமையலறை மேடையைப் பிடித்து நிற்கவைத்து, முன்னால் ஒரு மணைப்பலகையைப் போட்டேன். இடது பாதத்தை அதன்மேல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். நான் வலப்பக்கம் நின்றேன். "விழுந்துவிடுவேன் தம்பி" என்றார். வலது தொடை நடுங்கியது. முழங்கால் பின்னோக்கிப் போய்ப் பூட்டிக்கொள்ளப் பார்த்தது. என் கையால் அணைகொடுத்தேன். முதல் நாள் ஆறு முறை. பத்தாவது நாள் மகள் எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

பெரிய ஊர்களில் உடம்பைத் தொங்கவிட்டு நடத்தும் இயந்திரம் இருக்கிறதாமே என்று மகன் கேட்டார். இருக்கிறது. ஆனால் 408 பேரை வைத்துச் செய்து 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தவர்களும் ஓராண்டு முடிவில் அதே அளவு தேறியிருந்தார்கள். நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கு வரும் இயன்முறைச் சிகிச்சை உண்டு; கேட்டுப் பாருங்கள்.

ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும். முதலில் கோல், பிறகு சோர்ந்த கால், பிறகு நல்ல கால். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது சோர்ந்த கால் முதலில். ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையும் பின்வார் வைத்த காலணியும் வாங்கிக் கொடுத்தோம்.

10 மீட்டரை 12, 13 வினாடியில் கடந்தால் கடைவீதிக்குப் போய்வரலாம் என்பது எங்கள் கணக்கு. 25 வினாடிக்கு மேல் ஆனால் நடை பெரும்பாலும் வீட்டோடுதான். அவர் 31-இலிருந்து 17-க்கு வந்தபோது, "அம்மன் கோயிலுக்குள் காலணி இல்லாமல் எப்படிப் போவேன்?" என்று கேட்டார். நீளும் துணிப்பட்டையை எட்டுப்போலச் சுற்றிப் பாதத்தைத் தூக்கிக் கட்ட மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். படிகளில் மகன் பக்கத்தில் இருக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

மகனை முன்னாலேயே போகச் சொல்லிவிட்டாராம். "சோர்ந்த காலைத்தானே முதலில் இறக்கினேன்" என்றார் என்னிடம்.