ஆய்வு கடைமடைக்கு வரட்டும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, நம் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் டீச்சர்மார்களே, மாஷ்மார்களே, வணக்கம்.

பாடத்திட்டம், மதிப்பீடு பற்றி உலகம் முழுக்க நடக்கும் ஆய்வுகள் நம் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. இதில் இரண்டு அணிக்கும் சண்டை இல்லை. யார் காரணம் என்பதுதான் கேள்வி. தேடிப் படிக்காத ஆசிரியர் என்கிறது எதிரணி. எட்டும்படி தராத ஆய்வுலகம் என்கிறோம் நாங்கள்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "இன்றைக்கு எல்லாமே இணையத்தில் கிடைக்கிறது, மனசு இருந்தால் போதும்" என்றார். சரி, பார்ப்போம். 2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசு நடத்தும் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள் என்று 6,300 இடங்களுக்கு இது கிடைக்கும். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பள்ளிக்கூடம் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கழித்தலில் எங்கே தடுமாறுகிறது என்று ஒரு கட்டுரை வந்தால், பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் மாணவர் அதைத் திறந்து படிக்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தினமும் கழித்தல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் படிக்க முடியாது. மனசு இல்லை என்று எந்த வாயால் சொல்கிறோம்?

"சோத்கங்கா இணையதளம் திறந்துதானே இருக்கிறது, ஆயிரக்கணக்கான முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசம்" என்றும் சொன்னார். உண்மை. நானும் இறக்கிப் படித்திருக்கிறேன். இருநூறு, முந்நூறு பக்கம். முன்னாய்வுகளின் சுருக்கம் ஒரு பெரிய அத்தியாயம், அப்புறம் அட்டவணைகள். கடைசியில், நகர்ப்புற மாணவர்களுக்கும் கிராமப்புற மாணவர்களுக்கும் வேறுபாடு உண்டு என்ற வகையில் ஒரு முடிவு. திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழையும்போது அந்த முடிவை வைத்து நான் என்ன செய்ய வேண்டும்? அந்த ஏடு தேர்வாளர் படிப்பதற்காக எழுதப்பட்டது. ஆசிரியர் ஒருவர் படிப்பார் என்ற நினைப்பே அதில் எங்கும் இல்லை.

ஆளியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணையில் நிறைந்து நின்றாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் காயத்தான் செய்யும். நீ ஏன் தண்ணீரைத் தேடிப் போகவில்லை என்று வயலைக் கேட்கிற விவசாயி நம் சித்தூர்ப் பக்கம் யாரும் இல்லை.

ஆய்வு வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்ப்போம். ஒரு பிள்ளை மூன்று கணக்குப் போட்டிருக்கிறது. 52-லிருந்து 27 போனால் 35. 83-லிருந்து 46 போனால் 43. 70-லிருந்து 38 போனால் 48. மூன்றும் தப்பு. சிவப்பு மையில் மூன்று பெருக்கல் குறி, கீழே 'கவனம் தேவை'. நம்மில் யார்தான் அப்படி எழுதியதில்லை? இப்போது விடைகளை மறுபடி பாருங்கள். ஒன்றின் இடத்தில் 2-லிருந்து 7 போகாது, அதனால் பிள்ளை 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. அடுத்த கணக்கில் 6-லிருந்து 3. அதற்கடுத்து 8-லிருந்து 0. எங்கேயும் பிசகவில்லை. எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழி என்று ஒரு விதியைத் தானே உண்டாக்கிக்கொண்டு, அதை மிகக் கவனமாகக் கடைப்பிடித்திருக்கிறது. கவனம் தேவை என்று அந்தப் பிள்ளையிடமா சொல்வது? அதற்குத் தேவை பத்தை உடைத்து ஒன்றுகளாக்கும் அந்த ஒரு படி. புளியங்கொட்டையை வைத்துக் காட்டினால் ஒரு பீரியடில் பிடித்துக்கொள்ளும்.

கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பல இப்படி ஒரு விதிப்படி வரும் ஒழுங்கானவை என்று ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் அமெரிக்காவில் எழுதியது 1978-இல். நம்மில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டோம். இத்தனை வருடத்தில் இது அரைப் பக்கமாகக்கூட நம் ஆசிரியர் அறைக்கு வரவில்லை. வந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் 'எனக்குக் கணக்கு வராது' என்ற முடிவோடு ஐந்தாம் வகுப்புக்குப் போகாமல் இருந்திருப்பார்கள்! இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை, நடுவர் அவர்களே.

அடுத்தது ஓணத்தையொட்டி நடக்கும் நம் முதல் பருவத் தேர்வு, ஓணப் பரீட்சை. ராத்திரி கண் விழித்துத் திருத்துகிறோம். பேப்பரைக் கையில் கொடுத்ததும் பிள்ளை என்ன செய்கிறது? மார்க்கைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் மார்க்கைப் பார்க்கும், மடித்துப் பைக்குள் வைக்கும். ஓரத்தில் நாம் எழுதியதைப் படிப்பதில்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பகுதி மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதிக்கு எழுதிய குறிப்பு மட்டும், மற்றவர்களுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களோ மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மார்க்கைப் பார்த்த கண் குறிப்புக்குப் போகவில்லை. பத்து வருடம் கழித்து, 1998-இல், பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் ஏறத்தாழ 250 ஆய்வுகளை அலசி, கற்றுக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு வழிகாட்டும் மதிப்பீடு கற்றலை உயர்த்துகிறது என்று எழுதினார்கள்.

எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். இந்த யோசனை நம்மிடம் வராமலும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29, தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்கிறது. கேரளத்தில் அதற்கு முன்பே 2005-இல் எஸ்.எஸ்.எல்.சி.க்கு கிரேடு முறை வந்துவிட்டது. சி.இ. என்ற தொடர் மதிப்பீடு, டி.இ. என்ற பருவ இறுதித் தேர்வு என்று நாம் தினமும் சொல்கிறோம். ஆனால் எந்த உருவத்தில் வந்தது? படிவமாக வந்தது. எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எந்தத் தேதிக்குள் ஏற்ற வேண்டும் என்று வந்தது. இது எதற்காக, பிள்ளையின் கற்றலில் எது மாறப்போகிறது என்ற பகுதி வழியிலேயே நின்றுவிட்டது. காரணம் தெரியாத வேலையை நல்ல ஆசிரியர்கூடப் பதிவேட்டுக்காகத்தான் செய்வார். அப்புறம் சி.இ. மார்க்கை எல்லோரும் அள்ளிப் போடுகிறார்கள் என்று பழி எங்கள் மேல் விழுகிறது. 2024-25 முதல் எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் கட்டாயம் என்று வந்திருக்கிறது. குறைந்தவர்களுக்குத் தனி வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கிறோம். அந்தத் தனி வகுப்பில், ஒரு முறை சொல்லிப் புரியாத பிள்ளையிடம் அதையே மறுபடி சொல்லாமல் வேறு என்ன செய்யலாம்? ஆணையோடு அதையும் அனுப்புங்கள்.

எளிமைப்படுத்தினால் ஆய்வின் உண்மை கெட்டுவிடும் என்று எதிரணியில் ஒருவர் கவலைப்பட்டார். அவர் வாழும் மாநிலத்தை அவருக்கு நினைவுபடுத்துகிறேன். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலை மலையாளத்தில் கிராமத்து வாசகசாலை வரை கொண்டுபோனது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர் இதழில் பிள்ளைகளுக்கே தமிழில் அறிவியல் சொல்கிறது. அணுவையும் விண்மீனையும் இப்படிச் சொல்ல முடிந்ததென்றால் கழித்தல் கணக்கைச் சொல்ல முடியாதா? பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று 2005-இலிருந்து பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் அசர் ஆய்வைப் பாருங்கள். ஒரு தாளில் எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை. ஊர் இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போகிறார்கள். முடிவு யாருக்கும் புரிகிறது. இங்கிலாந்தில் 2011-இல் ஏற்பட்ட கல்வி அறக்கட்டளை ஒன்று, ஒவ்வொரு கற்பித்தல் முறைக்கும் செலவு எவ்வளவு, சான்று எவ்வளவு உறுதி, பலன் எவ்வளவு என்று ஆசிரியர் ஒரு பார்வையில் காணும்படி வெளியிடுகிறது. அதை அப்படியே இங்கே இறக்கச் சொல்லவில்லை. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், புத்தகத்தில் மறுபடி தமிழ் என்று வளரும் நம் பிள்ளைகளை வைத்து இங்கேயே ஆய்வு நடக்க வேண்டும்.

நடந்தும் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்விப் படிவத்தோடு நம் பள்ளிகளுக்கு வந்தவர்கள் உண்டு. வகுப்பை நிறுத்தி, பிள்ளைகளை உட்காரவைத்து, நாமும் டிக் அடித்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு போனவர்கள் பட்டம் பெற்றிருப்பார்கள், வாழ்க. எங்கள் பள்ளிக்கு வந்தவர்களில் ஒருவர்கூட, 'உங்கள் பிள்ளைகளிடம் நான் கண்டது இது' என்று சொல்லத் திரும்பி வந்ததில்லை. தேடவில்லை என்ற குற்றச்சாட்டை அவர்களிடம் அல்லவா முதலில் வைக்க வேண்டும்?

நாங்கள் கேட்பது பெரிதில்லை. ஒரு பள்ளியில் தகவல் எடுத்தவர் முடிவை இரண்டு பக்கத்தில், அந்த ஆசிரியர் பாடம் நடத்தும் மொழியில் எழுதி அந்தப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் பட்டம் என்று பல்கலைக்கழகங்கள் விதி வைக்கட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் க்ளஸ்டர் கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் சுற்றறிக்கைக்குப் பதிலாகப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களும் அந்த இரண்டு பக்கமும் மேசையில் இருக்கட்டும். இதை ஒரு கல்வி ஆண்டு செய்து பாருங்கள். அப்போதும் ஆசிரியர்கள் படிக்கவில்லை என்றால், நடுவர் அவர்களே, இதே மேடையில் எதிரணிக்காக நானே பேசுகிறேன். வணக்கம்.