வெளியே போறதுன்னு முடிவாச்சு, எங்க போறதுன்னு யாரும் கேக்கல

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு கேக்குதுல்ல? சரி.

2016 ஜூன் 23ஆம் தேதி பிரிட்டன்ல ஓட்டுச்சீட்டுல இருந்த கேள்வி, ஆங்கிலத்துல மொத்தமே 16 வார்த்தைதான். ஐக்கிய ராஜ்ஜியம் ஐரோப்பிய யூனியன்ல உறுப்பினரா தொடரணுமா, இல்ல யூனியனை விட்டு வெளியேறணுமா. கீழ ரெண்டு கட்டம், ஒண்ணுல பெருக்கல் குறி போடணும், அவ்ளோதான். முதல்ல "தொடரணுமா?"ன்னு மட்டும் கேட்டு ஆமா, இல்லைன்னு ரெண்டு பதில் வெக்கறதா இருந்துச்சு, அப்படி கேட்டா தொடரணும்ங்கிற பக்கத்துக்கு சாதகமா இருக்கும்னு அங்க இருக்க தேர்தல் கமிஷன் 2015ல சொல்லி, மாத்துனாங்க. கேள்வி நியாயமா இருக்கணும்னு இவ்ளோ தூரம் யோசிச்சிருக்காங்க பாருங்க. ஆனா வெளியேறினா அடுத்து எங்க போய் நிக்கப்போறோம்ங்கிறது அந்த சீட்டுலயும் இல்ல, அதுக்கு முன்னாடி நடந்த பிரச்சாரத்துலயும் யாரும் அதை உக்காந்து பேசல. இன்னிக்கு நான் பேச வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

குடியிருக்கற வீட்டை காலி பண்ணலாமான்னு வீட்டுல எல்லார்கிட்டயும் கேக்கறோம்னு வைங்க, தண்ணி வரலன்னு ஒருத்தர் சரிங்கறாரு, வாடகை அதிகம்னு ஒருத்தர் சரிங்கறாரு, பக்கத்து வீட்டுக்காரங்க பிடிக்கலன்னு இன்னொருத்தர், மெஜாரிட்டி வந்துடுச்சு, லாரியும் வந்து வாசல்ல நின்னாச்சு, அப்பதான் எந்த ஏரியா, எவ்ளோ வாடகைன்னு பேச ஆரம்பிச்சா அந்த மெஜாரிட்டி அங்கயே உடைஞ்சு போயிடும்ல? பிரிட்டன்ல இதுதான் நடந்துச்சு. வெளியேறலாம்னு போட்டவங்க 1 கோடியே 74 லட்சம் பேர், 51.9 சதவீதம். தொடரலாம்னு போட்டவங்க 1 கோடியே 61 லட்சம், 48.1 சதவீதம். வெளியேறலாம்னு சொன்ன அந்த 1 கோடியே 74 லட்சம் பேரும் ஒரே இடத்துக்கு போக ஓட்டு போடல.

ஏன்னா வெளிய நிறைய இடம் இருந்துச்சு. நார்வே யூனியன்ல இல்ல, ஆனா ஒற்றைச் சந்தைக்குள்ள, அதாவது சரக்கும் ஆளுங்களும் தடையில்லாம போய் வர்ற ஐரோப்பாவோட பொதுச் சந்தைக்குள்ள இருக்கு, அதுக்கு பணமும் கட்டுது, ஐரோப்பிய நாட்டு ஆளுங்க அங்க வந்து வேலை பாக்கறதையும் ஏத்துக்குது. துருக்கி பெரும்பாலான சரக்குக்கு சுங்க யூனியன்ல இருக்கு, அதாவது உள்ளுக்குள்ள சுங்க வரி கிடையாது, வெளிய இருந்து வர்ற சரக்குக்கு எல்லாரும் ஒரே வரி. கனடா வெறும் வர்த்தக ஒப்பந்தம் மட்டும் போட்டிருக்கு. இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம். வெளியேறணும்னு பேசுன தலைவர்கள்ல டேனியல் ஹன்னன், ஒற்றைச் சந்தையில நம்ம இடத்துக்கு ஆபத்து வர்ற மாதிரி யாரும் பேசலன்னு 2015ல சொன்னாரு. மைக்கேல் கோவ் 2016 மே மாசம் டிவியில, ஒற்றைச் சந்தையை விட்டும் வெளிய வந்துடுவோம்னு சொன்னாரு. ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான்! கேக்கற ஜனங்க அவங்கவங்களுக்கு பிடிச்சதை எடுத்துக்கிட்டாங்க, ஜனங்களை இதுல குத்தம் சொல்ல முடியாது.

அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 2013லயே இந்த வாக்கெடுப்பு நடத்தறேன்னு வாக்கு குடுத்தவரு பிரதமர் டேவிட் கேமரூன், 2015ல ஜெயிச்சு வந்து நடத்தவும் செஞ்சாரு. ஆனா வெளியேறணும்னு முடிவு வந்தா என்ன பண்றதுன்னு திட்டம் போட வேண்டாம்னு அமைச்சகங்களுக்கு சொல்லி வெச்சிருந்தாங்க. ஓட்டு முடிஞ்ச அடுத்த மாசமே நாடாளுமன்ற வெளியுறவுக் குழு இதை மிகப்பெரிய அலட்சியம்னு எழுதுச்சு. எனக்கு இந்த மொத்த கதையிலயும் ரொம்ப கோவம் வர்ற இடம் இதுதான், ஜனங்க கிட்ட ஒரு கேள்வி கேக்கறீங்க, ரெண்டு பதில்ல ஒண்ணுக்கு மட்டும் தயாரா இருக்கீங்கன்னா அது என்ன கேள்வி?

சரி, விவாதம் எதை பத்தி நடந்துச்சு? ஒரு சிவப்பு பஸ்ஸை பத்தி. வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பறோம், அதை நம்ம பொது மருத்துவத்துக்கு குடுப்போம்னு பஸ் பக்கவாட்டுல பெருசா எழுதி ஊர் ஊரா ஓட்டுனாங்க. 1984ல மார்கரெட் தாட்சர் சண்டை போட்டு வாங்குன தள்ளுபடி ஒண்ணு இருக்கு, அது அனுப்பறதுக்கு முன்னாடியே கழிஞ்சுடும், அப்புறம் விவசாயத்துக்கும் பின்தங்குன ஊர்களுக்கும் அங்கிருந்து பணம் திரும்பி வருது, அதனால 35 கோடிங்கறது தப்பா புரிய வெக்கிற கணக்குன்னு அங்க இருக்க புள்ளியியல் ஆணையம் பிரச்சாரம் நடக்கறப்பவே சொல்லிடுச்சு. எழுத்தை அழிச்சாங்களா? இல்ல. எதிர்தரப்பு வேற தினமும் டிவியில வந்து 35 கோடி இல்லீங்க, அதைவிட கம்மின்னு விளக்கம் சொல்லிட்டே இருந்தாங்க, கேக்கறவங்களுக்கு ஏதோ பல கோடி வெளிய போகுதுங்கறது மட்டும் நல்லா பதிஞ்சு போச்சு.

தொடரணும்ங்கிற பக்கமும் ஒழுங்கா பேசல, அதையும் சொல்லணும். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், வெளியேறினா 2030ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருஷம் 4,300 பவுண்டு நஷ்டம்னு ஒரு கணக்கு, அப்புறம் அவசர பட்ஜெட் போட்டு வரியை ஏத்த வேண்டி வரும்னு ஒரு மிரட்டல், இப்படியே போச்சு. யூனியன் எதுக்கு நல்லது, நாம ஏன் அதுல இருக்கணும்னு மனசார பேசுனவங்க ரொம்ப கம்மி, பல வருஷமா உள்ளூர்ல எது நடந்தாலும் யூனியன் தலைமையகம் இருக்க பிரஸ்ஸல்ஸ் மேல பழியை போட்டுட்டு கடைசி நாலு மாசத்துல அது நல்லதுன்னு சொன்னா யாரு நம்புவா? லண்டன் கிங்ஸ் காலேஜ் பேராசிரியர் ஆனந்த் மேனன் ஒரு சம்பவம் சொல்லியிருக்காரு. நியூகாசில்ல ஒரு கூட்டத்துல, வெளியேறினா நாட்டோட ஜிடிபி குறையும்னு இவர் பேசறாரு, கூட்டத்துல இருந்து ஒரு அம்மா கத்துனாங்களாம், அது உங்க ஜிடிபி, எங்களோடது இல்லன்னு. 2008க்கு அப்புறம் சம்பளம் ஏறாம கிடந்த ஊர்கள்ல அந்த அம்மா சொன்னது எவ்வளவு உண்மைன்னு அந்த விவாதத்துல யாரும் நின்னு கேக்கல.

லிங்கன்ஷயர்ல பாஸ்டன்னு ஒரு ஊர், முட்டைகோஸ், காலிஃபிளவர்னு காய்கறி விளையற பூமி. அங்க 75.6 சதவீதம் வெளியேறணும்னு ஓட்டு, நாட்டுலயே அதிகம். 2004ல போலந்து, லிதுவேனியா எல்லாம் யூனியன்ல சேந்தப்ப பழைய உறுப்பு நாடுகள்ல பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூணு நாடு மட்டும்தான் வேலைக்கு உடனே கதவை திறந்துச்சு, வருஷத்துக்கு 13,000 பேருக்கு மேல வர மாட்டாங்கன்னு அரசாங்கத்துக்கு ஒரு ஆய்வு கணக்கு குடுத்துச்சு, வந்தவங்க அதைவிட பல மடங்கு. பள்ளிக்கூடம், டாக்டர், வாடகை வீடு எல்லாத்துலயும் நெருக்கடின்னு ஒரு சின்ன ஊரு சொன்னா அவங்களை இனவெறின்னு ஒரே வார்த்தையில ஒதுக்கிட்டு போனா எப்படி? இனவெறியும் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஜூன் 16, தொடரணும்னு பேசுன எம்பி ஜோ காக்ஸை அவங்க தொகுதியிலயே தெருவுல வெச்சு கொன்னுட்டான் ஒரு தீவிர வலதுசாரி. ரெண்டு சின்ன குழந்தைங்களுக்கு அம்மா அவங்க. பிரச்சாரத்தை நிறுத்துனாங்க, அப்புறம் திரும்ப ஆரம்பிச்சாங்க.

இன்னொண்ணு, யாருக்கு ஓட்டு இருந்துச்சுங்கறதையும் பாக்கணும். காமன்வெல்த் நாட்டு குடிமக்கள் அங்க குடியிருந்தா ஓட்டு உண்டு. அதாவது இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் வெச்சிருந்த நம்ம ஆளுங்க ஈஸ்ட்ஹாம்லயும் ஹாரோவுலயும் இருந்து இதுல ஓட்டு போட்டிருக்க முடியும், அங்கயே 20 வருஷமா இருக்கற ஒரு போலந்துக்காரர் போட முடியாது, அவரோட வாழ்க்கையைதான் அந்த ஓட்டு முடிவு பண்ணப்போகுது. 2014ல ஸ்காட்லாந்து வாக்கெடுப்புல ஐரோப்பிய குடிமக்களுக்கும் 16 வயசு பசங்களுக்கும் ஓட்டு குடுத்திருந்தாங்க, 2016ல ரெண்டு பேருக்கும் இல்ல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். வட அயர்லாந்து. அது பிரிட்டனோட சேந்தது, தெற்குல இருக்க அயர்லாந்து தனி நாடு, யூனியன்ல உறுப்பினர். அயர்லாந்து தீவுக்கு நடுவுல சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, கடக்கறதுக்கு 200க்கு மேல ரோடு, சந்து. அந்த ரோட்டுல கார்ல போனா எல்லையை தாண்டுனதே தெரியாது, வேகத்தை சொல்ற போர்டுல மைல் போய் கிலோமீட்டர் வரும், ரோட்டோரம் கோடு மஞ்சளாகும், அவ்ளோதான் அடையாளம். வடக்குல கறக்கற பால் தெற்குல இருக்க டெய்ரிக்கு போகுது, ஒரே விவசாயிக்கு ரெண்டு நாட்டுலயும் நிலம் இருக்கு. இது எப்பவும் இப்படி இருக்கல. அயர்லாந்தோட சேரணும்ங்கிறவங்களுக்கும் பிரிட்டனோடயே இருக்கணும்ங்கிறவங்களுக்கும் நடந்த 30 வருஷ சண்டையில 3,500 பேருக்கு மேல செத்திருக்காங்க, அந்த ரோடுங்கள்ல ராணுவ செக்போஸ்ட் இருந்துச்சு, பல சின்ன ரோடுங்களை ராணுவமே குண்டு வெச்சு குழி பறிச்சு மூடி வெச்சிருந்துச்சு. 1998 ஏப்ரல் 10 பெரிய வெள்ளி சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் அதெல்லாம் போச்சு. சுங்கச்சாவடி இல்லாம இருந்ததுக்கு ரெண்டு நாடும் ஒரே ஒற்றைச் சந்தைக்குள்ள இருந்தது காரணம், ஒண்ணு வெளிய போனா சரக்கை எங்கயோ ஒரு இடத்துல சோதிச்சே ஆகணும், எல்லையில சோதிச்சா பழைய சாவடி திரும்ப வரும், பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவுல இருக்க கடல்ல சோதிச்சா ஒரே நாட்டுக்குள்ளயே சுங்கம் வந்துடும்.

முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும், ரெண்டு பேரும் வேற வேற கட்சி, ஓட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வட அயர்லாந்துல இருக்க டெர்ரிக்கு ஒண்ணா போய் இதைத்தான் எச்சரிச்சாங்க. வெளியேறணும்னு சொன்னவங்க பயமுறுத்தறாங்கன்னு தள்ளிட்டாங்க, இங்கிலாந்துல அது ஒரு நாள் செய்தியோட போச்சு. வட அயர்லாந்துல 55.8 சதவீதம் தொடரணும்னுதான் ஓட்டு.

அந்த ஒரு நாள் செய்தி அப்புறம் பிரதமரையே வீட்டுக்கு அனுப்புச்சு. கேமரூனுக்கு அப்புறம் பிரதமரா வந்த தெரசா மே யூனியனோட போட்ட வெளியேறும் ஒப்பந்தத்துல இந்த எல்லைக்கு ஒரு ஏற்பாடு இருந்துச்சு, 2019 ஜனவரி 15 ஓட்டெடுப்புல 432க்கு 202ன்னு தோத்தாங்க, நவீன காலத்துல எந்த பிரிட்டிஷ் அரசாங்கமும் இவ்ளோ பெருசா தோத்ததில்ல. யூனியனோட ஒட்டுறவு ரொம்ப அதிகம்னு எதிர்த்தவங்களும் அதுல இருக்காங்க, ரொம்ப கம்மின்னு எதிர்த்தவங்களும் இருக்காங்க. மார்ச் 27 அன்னிக்கு எம்பிக்கள் கிட்ட எட்டு வழி எழுதி குடுத்து எது பிடிச்சிருக்குன்னு ஓட்டு போட சொன்னாங்க, நார்வே மாதிரி, சுங்க யூனியன், ஒப்பந்தமே இல்லாம போறது, மறு வாக்கெடுப்பு எல்லாம் அதுல உண்டு. எட்டுமே தோத்துச்சு. ஏப்ரல் 1 நாலை மட்டும் வெச்சு திரும்ப கேட்டாங்க, சுங்க யூனியன் மூணே ஓட்டுல, 273க்கு 276ன்னு போச்சு. 2016ல பஸ்ஸை பத்தி பேசுன நேரத்துல இந்த எட்டையும் ஜனங்க முன்னாடி வெச்சு பேசியிருக்கணும், ஓட்டு முடிஞ்சு ரெண்டே முக்கால் வருஷம் கழிச்சு ஒரு சாயங்காலத்துல எம்பிக்கள் கையில சீட்டு குடுத்து கேட்டிருக்காங்க.

அடுத்த பிரதமரா போரிஸ் ஜான்சன் வந்து, தேர்தல்ல 80 மெஜாரிட்டியோட ஜெயிச்சு, 2020 ஜனவரி 31 ராத்திரி 11 மணிக்கு வெளியேறுனாங்க, அந்த கதை உங்களுக்கு தெரியும். எல்லை பிரச்சினைக்கு அவர் எடுத்தது கடல் வழி. கிரேட் பிரிட்டன்ல இருந்து, அதாவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல இருந்து, வட அயர்லாந்துக்கு போற சரக்குக்கு சோதனை, பேப்பர். அதை எதிர்த்து பிரிட்டனோடயே இருக்கணும்ங்கிற டியூபி கட்சி 2022 பிப்ரவரில வட அயர்லாந்து ஆட்சியை விட்டு விலகி, ரெண்டு வருஷம் அங்க முழு அமைச்சரவை இயங்கவே இல்ல, ஆஸ்பத்திரி காத்திருப்பு பட்டியல் நீண்டுட்டே போறப்ப பெரிய முடிவெடுக்க அமைச்சரவை கிடையாது. 2023ல யூனியனோட விண்ட்சர் ஒப்பந்தம் போட்டு, வட அயர்லாந்துலயே விக்கப்போற சரக்குக்கு பச்சை வழி, அதுக்கு அப்பால தெற்கே போகக்கூடியதுக்கு சிவப்பு வழின்னு துறைமுகத்துல பிரிச்சிருக்காங்க. இந்த ஏற்பாடு தொடரலாமான்னு 2024 டிசம்பர்ல வட அயர்லாந்து சட்டசபையில ஓட்டு விட்டாங்க, 48க்கு 36ன்னு தொடருது. பிரிட்டனோட இருக்கணும்ங்கிற, அயர்லாந்தோட சேரணும்ங்கிற ரெண்டு சமூகத்தோட ஆதரவும் கிடைக்காததால எட்டு வருஷத்துக்கு பதிலா நாலு வருஷம்தான் செல்லும், 2028ல அதே சபையில திரும்ப ஓட்டு விடணும்.

நன்றி. கேள்வி இருக்கவங்க கேக்கலாம்.