1, 3, 5 எனக்கு... 2, 4, 6 உனக்கு! நூலகத்துக்கே நடந்த பாகப்பிரிவினை

லட்சக்கணக்கான புத்தகம் இருக்கிற பல்கலைக்கழக நூலகம். அதை இரண்டு பங்காளிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்? பெல்ஜியத்தில் ஒரு ஊரில் செய்ததைக் கேட்டால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்றே தெரியாது.

வணக்கம். வேலூர் கோட்டை அகழி ஓரத்திலிருந்து பேசுகிறேன். நான் சொல்லும் அந்த பெல்ஜிய ஊரின் பெயர் லூவன்.

பழைய கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1425இல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை நூலகத்துக்குத் தீ வைத்ததில் சுமார் 3 லட்சம் புத்தகம் சாம்பல். அப்புறம் அமெரிக்கர்கள் வசூல் செய்து புதுக் கட்டடம் கட்டினார்கள், 1928இல் திறப்பு விழா.

[திரையில்: கல்வெட்டுச் சுவர்]

இதைப் பாருங்கள். பணம் கொடுத்த பள்ளி, கல்லூரிகளின் பெயர்களைச் சுவர்க் கல்லிலேயே செதுக்கிவிட்டார்கள். நம்ம ஊர்க் கோயிலில் வெளிச்சமே வராத அளவுக்கு டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுவோமே, அந்த ரகம்!

1940இல் மறுபடி போர், மறுபடி தீ. இந்தத் தடவை சுமார் 9 லட்சம். விடவில்லை, பழையபடியே கட்டித் திறந்தார்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். இரண்டு போரைத் தாண்டிய நூலகம் மொழிச் சண்டையில் மாட்டியது. டச்சு பேசும் ஊரில் பிரெஞ்சு வகுப்பு எதற்கு என்று மாணவர்கள் தெருவில் இறங்க, 1968இல் அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது. பிரெஞ்சு மொழிக்காரர்கள் 30 கிலோமீட்டருக்குள் புதிதாக ஒரு ஊரையே கட்டிக்கொண்டு போனார்கள்.

புத்தகம்? அலமாரி எண்ணைப் பார்த்தார்கள். ஒற்றைப்படை ஒருவருக்கு, இரட்டைப்படை இன்னொருவருக்கு. அவ்வளவுதான் பஞ்சாயத்து!

பிரிவினை நமக்கும் புதிதில்லை. வட ஆற்காட்டை 1989இல் உடைத்துத் திருவண்ணாமலையைத் தனியாக்கினார்கள். 2019இல் வேலூரை மூன்றாக்கினார்கள். ஆனால் ஒரு கற்பனை: வேலூரில் இருந்த ஆறு தொகுதி அகராதியில் ஒற்றைப்படை ராணிப்பேட்டைக்கு, இரட்டைப்படை திருப்பத்தூருக்கு என்று போயிருந்தால்? 'அ'வுக்கு அர்த்தம் பார்த்துவிட்டு, 'க'வுக்குப் பஸ் ஏற வேண்டும். நடுவில் ஆம்பூரில் இறங்கிப் பிரியாணி சாப்பிடலாம், அந்த லாபத்தை மறுக்க மாட்டேன்.

என்னைக் கேட்டால், துறை வாரியாகப் பிரித்திருக்கலாம். ஆனால் சட்டம் யாருக்கு, மருத்துவம் யாருக்கு என்று அடுத்த சண்டை தொடங்கியிருக்கும். எண்ணோடு யார் சண்டை போடுவது?

உங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் இதைவிட விசித்திரமாக எதையாவது பிரித்தார்களா? கமெண்டில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஆட்டுக்கல் பெரியப்பாவுக்கு, குழவி எங்களுக்கு.