முகம் தெரிகிற வேகம்

வணக்கம் நேயர்களே.

ஏ9 வீதியால் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய்வந்தவர்கள் எல்லோருக்கும் முறிகண்டி தெரியும். எவ்வளவு அவசரத்தில் போகிற பஸ்ஸும் அங்கே நிற்கும். சாரதி இறங்குவார், கால் கழுவுவார், பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துவார், தேங்காய் உடைப்பார், கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு ஆறுதலாக வந்து ஏறுவார். பத்து நிமிடம் போகும். பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுப்பதில்லை. அதே சாரதி, அதே பஸ். கொடிகாமத்தில் ஓர் ஆச்சி மஞ்சள் கோட்டில் காலை வைத்துவிட்டால் போதும், ஹோர்னில் வைத்த கையை எடுக்கமாட்டார். பிள்ளையாருக்குப் பத்து நிமிடம் கொடுத்தவருக்கு ஆச்சிக்குப் பத்து வினாடி கொடுக்க மனம் வருவதில்லை.

இது ஏன் என்று நெடுநாளாக யோசிக்கிறேன். யோசிக்க எனக்கு வசதியும் இருக்கிறது, ஏனென்றால் கார் பழக்குவதுதான் என் தொழில். ஓடுகிறவருக்குப் பக்கத்துச் சீற்றில் சும்மா இருப்பவனுக்கு றோட்டில் நடப்பதெல்லாம் தெரியும். அதிலும் எல் போட் மாட்டிய கார் என்றால் ஊரில் உள்ளவர்களின் பொறுமை எவ்வளவு என்று அளந்தே பார்க்கலாம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகளும்தான் நமக்கு வேகம் குறிக்கின்றன. கார் என்றால் ஊர்மனைக்குள் 50 கிலோமீற்றர், வெளியே 70. ஓட்டோவுக்கு 40. தெற்கே இருக்கிற அதிவேகப் பாதைகளில் 100. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பரீட்சைக்குப் பாடமாக்கியதுதான். ஆனால் 50 என்பது ஏன் 50 என்று கேட்டால், பொலிஸ் பிடிக்கும் என்பார்கள். சரி, பொலிஸ் இல்லாத இடத்தில்?

50இல் போகிற வண்டி ஒரு வினாடியில் 14 மீற்றர் போய்விடும். ஒழுங்கையில் இருந்து ஒரு பிள்ளை சைக்கிளோடு வெளியே வருவதைக் கண் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்குக்குப் போக எப்படியும் ஒரு வினாடி ஆகும். அதாவது பிரேக்கைத் தொடுமுன்பே 14 மீற்றர் முடிந்துவிட்டது. 70இல் போனால் அது 19 மீற்றர். அதோடு போகட்டும் என்றால், பிரேக் பிடித்த பிறகு வண்டி இழுபட்டு நிற்கிற தூரம் 50இல் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்காகவில்லை, 20தான் கூடியது. தூரம் இரட்டித்துவிட்டது. இதை நான் பழக வருகிற எல்லோருக்கும் சொல்வேன், இப்போது உங்களுக்கும் திருப்பிச் சொல்கிறேன்: 20தான் கூடியது, தூரம் இரட்டித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் இதே பக்கம்தான். சராசரி வேகம் நூற்றுக்கு 1 கூடினால், ஆள் சாகிற விபத்துக்கான ஆபத்து நூற்றுக்கு 4 கூடும் என்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நமக்கு மிஞ்சுவது என்ன? யாழ்ப்பாணத்தில் இருந்து சாவகச்சேரிப் பக்கம் போகிறீர்கள், ஒரு 15 கிலோமீற்றர் என்று வையுங்கள். ஒரே சீராக 50இல் போனால் 18 நிமிடம். 70இல் போனால் 13 நிமிடம். ஐந்து நிமிடம் மிச்சம். அதுவும் அரியாலையிலும் நாவற்குழியிலும் கைதடியிலும் ஒரு மாடோ ஒரு லான்ட்மாஸ்டரோ குறுக்கே வராவிட்டால்தான். வந்தால் இரண்டு நிமிடமும் மிஞ்சாது. இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் கண்மண் தெரியாமல் ஓடுகிறோம். இறங்கின இடத்தில் போய் என்ன செய்கிறோம்? தேநீர்க் கடையில் அரை மணித்தியாலம் இருந்து, றோட்டில் கண்ட விசரர்களைப் பற்றிக் கதைக்கிறோம்.

கண்மண் தெரியாமல் என்று வாயில் வந்தது. உண்மையில் தெரியாமல் போவது மனிதரின் முகம். கொஞ்சம் வயதான நேயர்களுக்கு 90களின் யாழ்ப்பாணம் ஞாபகம் இருக்கும். பெற்றோலுக்குத் தடை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின. மற்றபடி ஊரே சைக்கிளில்தான். அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்பவர்கள் அதில் வாழாதவர்கள். ஆனால் வீதியில் ஒன்று இருந்தது. இரண்டு சைக்கிள் முட்டிக்கொண்டால் இரண்டு பேரும் விழுவார்கள், எழும்புவார்கள், முதலில் சத்தம் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர் கேட்பார், "தம்பி, நீ ஆற்றை பெடியன்?" அவ்வளவுதான், சண்டை முடிந்தது. தகப்பனைத் தெரிந்திருக்கும், அல்லது மாமனைத் தெரிந்திருக்கும். கைபிடியை இரண்டு பேருமாக நிமிர்த்திவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் அதே ஊர், அதே உறவு. ஆனால் கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வான் 70இல் போகும்போது யாரிடம் போய் "ஆற்றை பெடியன்" என்று கேட்பது?

வீதிகளும் அதற்கேற்ப மாறிவிட்டன. குண்டும் குழியுமாக இருந்தவை காப்பெற் வீதிகளாகிவிட்டன, நல்லது, வேண்டியதுதான். ஆனால் கரையில் இருக்கிற வீடும் பள்ளிக்கூடமும் கோயிலும் நகரவில்லை. ஒழுங்கை வந்து ஏறுகிற முடக்கு மதிலும் நகரவில்லை. நாலு முழத்துக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத மதில்கள் அவை. வீதி மட்டும் வேகமாகிவிட்டது.

சைக்கிள் என்றதும் எனக்குப் பிடித்த ஒரு கதை, சொல்லாமல் விட மனமில்லை. இங்கிலாந்தில் 1865இல் ஒரு சட்டம் இருந்தது. இயந்திரத்தால் ஓடுகிற வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல்தான் போகலாம். முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்கவும் வேண்டும்! கொடி பிறகு போய்விட்டது, 2 மைல் மட்டும் நின்றது. 1896 ஜனவரியில் கென்ற் பகுதியில் பாடக் வூட் என்ற கிராமத்தால் வால்ற்றர் ஆர்னோல்ட் என்பவர் தன் காரில் 8 மைல் வேகத்தில் போனார். நம்முடைய கணக்கில் மணிக்கு 13 கிலோமீற்றர். ஒரு பொலிஸ்காரர் சாப்பாட்டு மேசையில் இருந்து இதைக் கண்டார். சாப்பாட்டை அப்படியே விட்டார், தொப்பியைப் போட்டார், சைக்கிளில் ஏறினார், ஏறத்தாழ ஐந்து மைல் துரத்திப் பிடித்தார். சைக்கிளில்! வேகத்துக்கு விழுந்த தண்டம் ஒரு சில்லிங். கார் ஓடியவர் வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் சம்பவம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அதே வருடம் ஓகஸ்ற் 17ஆம் தேதி லண்டனில் பிறிஜற் டிறிஸ்கொல் என்ற பெண் கார் மோதி இறந்தார். 4 மைல் வேகத்தில்தான் வந்தேன் என்று சாரதி சொன்னார். தற்செயலான மரணம் என்று தீர்ப்பு. அந்த வருட முடிவுக்குள் வேக எல்லையை 14 மைலாகக் கூட்டியும் விட்டார்கள். ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் சாவு, எல்லாம் ஒரே வருடத்தில்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். கொக்குவில் சந்திக்குக் கிட்ட ஒருநாள், பழக வந்த ஓர் அக்காவுக்குக் கார் நின்றுபோய்விட்டது. கணவருக்கு ஏலாமல் போனதால் ஐம்பது வயதுக்குப் பிறகு பழக வந்தவர். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பின்னால் ஹோர்ன், ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகியது. ஒரு மோட்டார் சைக்கிள்காரத் தம்பி பொறுமை போய், வண்டியை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு வந்து கண்ணாடியில் தட்டினார். "வீட்டில சொல்லிப்போட்டு வந்தனீங்களோ?" என்று தொடங்கினார். அக்கா கண்ணாடியை இறக்கினார். பதற்றத்தில் அவருக்கு ஏச்சு காதில் ஏறவில்லை. தம்பி உதவிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். "தம்பி, முதலாவது கியர் விழுகுதில்லை, ஒருக்காப் பாருமன்" என்றார். அந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றது. பிறகு தலையை உள்ளே விட்டு, "கிளச்சை முழுக்க மிதியுங்கோ அக்கா... இன்னும், இன்னும்... இப்ப போடுங்கோ" என்றார். என்னை அவர் கவனிக்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, நல்ல வாத்தியார் கிடைத்துவிட்டார் என்று இருந்தேன். கியர் விழுந்தது. பின்னால் ஒரு வான் விடாமல் ஹோர்ன் அடித்தது. தம்பி திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "கொஞ்சம் பொறுக்கேலாதே? மனுசி பழகுதெல்லே!"

அவர் நல்ல பிள்ளை, ஐந்து நிமிடத்துக்கு முன்னும் நல்ல பிள்ளைதான். மோட்டார் சைக்கிளில் இருந்தபோது அவர் கண்டது பாதையை மறிக்கிற ஒரு கார். கண்ணாடி இறங்கியபோது கண்டது ஓர் அக்காவை. மற்றவன் பிந்தினால் அவன் மடையன், நாம் பிந்தினால் அதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முகம் தெரிந்தால் அவனுக்கும் ஒரு காரணம் இருக்குமென்று தோன்றும். பாதசாரியும் சைக்கிளும் வாகனமும் கலக்கிற தெருக்களில் 30 போதும் என்று 2020இல் ஸ்ரொக்ஹோமில் நடந்த உலக மாநாட்டில் சொன்னார்கள். அது மாநாட்டின் கணக்கு. 30இல் போனால் எதிரே வருபவரின் கண் தெரியும் என்பது என் கணக்கு.

தனியார் பஸ்காரரை எல்லோரும் ஏசுகிறோம். ஏசலாம், ஆனால் அவருடைய கோபத்துக்கு வேறு வேர். ஏற்றுகிற தலைக்குத்தான் வருமானம், முன்னால் போகிற பஸ் அள்ளிக்கொண்டு போய்விடும், அடுத்த தரிப்பிடத்தில் நேரக்கணிப்பாளர் நிற்கிறார். சம்பளத்தை அப்படி வைத்துவிட்டு, மரியாதையாக ஓடு என்று அவருக்குப் புத்தி சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதைப் பற்றி இன்னும்... சரி, கண்ணாடிக்கு அப்பால் இருந்து விரலைக் காட்டுகிறார்கள். வைத்திருந்த கடைசிப் பகுதியை ஓட்டமாகச் சொல்கிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வந்து வாகனம் ஓடுகிறவர்களுக்கு: லண்டனில் எதிரே வருபவர் லைற் அடித்தால், நீங்கள் போங்கோ என்று பலர் எடுப்பார்கள். இங்கே லைற் அடித்தால், நான் வருகிறேன், நில் என்று அர்த்தம். தயவுசெய்து நில்லுங்கள். கனடா, ஜேர்மனியில் இருந்து வந்தவர்கள் சந்தியில் திரும்பும்போது இடது பக்கத்தை இரண்டுதரம் ஞாபகப்படுத்துங்கள்.

இரவில் ஏ9இல் மாடுகள் படுத்திருக்கும், கறுப்பு மாடு லைற்றிலும் தெரியாது.

அடுத்தது புகையிரதக் கடவை. 1990இல் நின்ற ரயில் 2014இல்தான் திரும்பி யாழ்ப்பாணம் வந்தது. இடையில் ஒரு தலைமுறை ரயிலைப் பார்க்காமலே வளர்ந்து வாகனம் ஓடப் பழகியது. காவலாளி இல்லாத கடவைகள் இன்னும் இருக்கின்றன. கிட்டப்போனதும் நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், பாட்டை நிறுத்துங்கள், இந்த நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள், நிலையத்தார் கோபிக்கமாட்டார்கள். அம்புலன்சுக்கு இலக்கம் 1990. வணக்கம்.