தயிர்ச் சட்டியும் ‘வேண்டும்’ என்ற சொல்லும்

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில், எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து பேசுகிறேன். மேசையில் இருப்பது இன்று காலை வாங்கிய எருமைத் தயிர்ச் சட்டி. கட்டியிருந்த தாளை இப்போதுதான் அவிழ்த்தேன். கரண்டியின் விளிம்பு பட்டதும் ஆடை மடிந்து, அடியிலிருந்து தயிர் கட்டியாகவே பெயர்ந்து வருவதைப் பாருங்கள்.

“எனக்குத் தயிர் விருப்பம்” என்று நாங்கள் சொல்வது, தமிழ்நாட்டில் “பிடிக்கும்” என்று சொல்வதற்கு ஈடானது. வயிறு நிறைந்திருக்கும்போதும் அதைச் சொல்லலாம். சென்னையில் ஒரு விருந்தில் நான் அப்படிச் சொன்னதை, இன்னும் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்ட வீட்டுக்காரர், மேலும் இரண்டு கரண்டி தயிரை என் இலையில் ஊற்றிவிட்டார்.

ஆசை அப்படியன்று. அது கண்டதும் எழுவது, கிடைத்தால் அடங்குவது. கிடைக்காது என்று தெரிந்த பின்னும் நீங்காமல் இருந்தால் அதை ஏக்கம் என்கிறோம். தேவைக்கோ மனமே வேண்டியதில்லை: சட்டிக்கு மூடி தேவை என்று சொல்லலாம், சட்டி மூடிக்கு ஆசைப்படுகிறது என்று ஒருவரும் சொல்லமாட்டார்.

எனக்கு மிகவும் நுட்பமாகப் படுவது ‘வேண்டும்’ என்ற சொல்தான். “எனக்குத் தயிர் வேண்டும்” என்னும்போது தயிரே எழுவாயாக நிற்க, கேட்கிற நான் நான்காம் வேற்றுமைக்குள் ஒதுங்கிக்கொள்கிறேன். அதே வினையில் நான் எழுவாயாகி, “நான் வேண்டினேன்” என்று சொன்ன மாத்திரத்தில், தயிர்ச் சட்டியின் முன் இருந்தவன் மாமாங்கேஸ்வரர் சந்நிதியில் கைகூப்பி நிற்பவனாகிவிடுகிறேன்.

காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்து, இங்கே கல்லடியில் சமாதி கொண்டுள்ள தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர், தம் பாடலொன்றில் இறைவனுக்கு உகந்த மலர் மல்லிகையா, வேறெதுவா என்று கேட்டு, “உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது” என்று விடை சொன்னார். ‘விரும்புவது’ என்றிருந்தால் மல்லிகைக்கும் ஓர் இடம் மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம். ‘வேண்டுவது’ என்றதால், மனிதர் வேண்ட இறைவன் கொடுக்கும் வழக்கம் தலைகீழாகி, கேட்பவர் இறைவனாகவும் கொடுக்க வேண்டியவர் நாமாகவும் ஆகிவிடுகிறோம்.

மறுக்கும்போதும் எங்கள் ஊரில் ஒரு நயம் உண்டு. பரிமாறுபவரிடம் “வேண்டாம்” என்றால் முகம் வாடிவிடும் என்று, “காணும்” என்கிறோம். போதும் என்பதே அதன் பொருள். ஆனால் அம்மாவிடம் அது செல்லாது. “காணும், அம்மா” என்று நான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சீனி தூவிய இரண்டாவது கரண்டி கோப்பைக்குள் விழுந்துவிட்டது.